ஏவல் கேட்கும் பொறி

ஒரு வீட்டில் பணியாளர் இருவர் உள்ளனர் எனக் கொள்க. "தோட்டத்துக் கதவைப் பாதியளவு திறந்து வை" என்று தலைவன் ஆணையிடுகின்றான். முதற் பணியாளன் விரைந்து சென்று கதவைத் தள்ளிவிட்டு, "திறந்துவிட்டேன், ஐயா" என்று கூறித் தன் வழியே போகின்றான். காற்றடித்துக் கதவு முழுதும் திறந்துகொண்டதோ, மீண்டும் சாத்திக்கொண்டதோ, அவன் அறியான். இரண்டாம் பணியாளன் கதவைத் தள்ளுகின்றான்; நின்று பார்க்கின்றான்; மிகுதியாகத் திறந்திருப்பின் சிறிது சாத்துகின்றான்; குறைவாகத் திறந்திருப்பின் மேலும் தள்ளுகின்றான்; காற்று வந்து அசைத்தால் கையாற் பிடித்து நிறுத்துகின்றான். இருவரும் வலிமையில் ஒத்தவரே. ஏவலுக்கு இசைவதிலும் ஒத்தவரே. ஆயினும், இரண்டாமவனையே தலைவன் நம்புவான். ஏனெனில், செய்தது சரியோ எனத் தானே பார்த்துத் திருத்தும் இயல்பு அவனிடத்தில் உண்டு.

பொறிகளுள்ளும் இவ்விரு வகையின உண்டு. மின்விசிறியைச் சுழற்றும் மோட்டார் முதல் வகையைச் சேர்ந்தது. பொத்தானை அழுத்தினால் அது சுழலும், விட்டால் நிற்கும். எத்தனை சுற்றுச் சுற்றிற்று, எத்திசை நோக்கி நின்றது என்பன அதற்குத் தெரியா. தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஆனால், ரோபோ ஒன்றன் கை மேசைமேல் உள்ள குவளையை எடுக்கவேண்டுமாயின், தோள் இத்தனை பாகை, முழங்கை இத்தனை பாகை, விரல் இத்தனை பாகை என்று அளவறிந்து திரும்புதல் வேண்டும். திரும்பிய இடத்திலேயே அசையாது நிற்றலும் வேண்டும். அப்பணிக்கு இரண்டாம் வகைப் பொறியே ஏற்றது. அதுவே சர்வோ மோட்டார் எனப்படுவது.

இப்பெயரின் வரலாறு அறிந்து இன்புறத் தக்கது. இலத்தீன் மொழியில் 'செர்வுஸ்' என்னும் சொல் அடிமையைக் குறிக்கும். பிரெஞ்சு நாட்டுப் பொறியாளராகிய ஜோசப் ஃபார்க்கோ என்பார், 1873 ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலுக்கு, 'சர்வோ மோட்டார், அல்லது அடிமைப்பட்ட மோட்டார்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அந்நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் மிகப் பெரியனவாகக் கட்டப்பட்டன. 1858 ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் கப்பல் 200 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுடையது. அத்தகைய கப்பல்களின் சுக்கானைத் திருப்ப மாலுமியின் தோள்வலிமை போதவில்லை. நீராவிக்கு வலிமை உண்டு. ஆனால் அளவு தெரியாது. மாலுமிக்கு அளவு தெரியும்; ஆனால் வலிமை போதாது. இவ்விரண்டையும் இணைக்கும் வழியைப் பொறியாளர் கண்டனர். மாலுமி தன் கையிலுள்ள சிறு சக்கரத்தை எவ்வளவு திருப்புகின்றானோ, அதற்கேற்ற அளவு நீராவிப்பொறி சுக்கானைத் திருப்பும். சுக்கான் உரிய இடத்தை அடைந்ததும், அதன் அசைவே நீராவி வரும் வழியை அடைத்துவிடும். செய்த வேலையே திரும்பி வந்து 'போதும்' என்று உரைக்கின்ற இவ்வமைப்பைப் 'பின்னூட்டம்' என்பர். சர்வோவிற்கு உயிர்நிலை இதுவே.

'ரோபோ' என்னும் சொல்லும் இதனோடு ஒத்த கருத்தில் பிறந்ததே. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகம் ஒன்றில் இச்சொல் முதன்முதல் இடம்பெற்றது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும். எனவே, ரோபோவும் சர்வோவும் தம் பெயரிலேயே ஏவலைத் தாங்கி நிற்கின்றன. தமிழில் 'ஏவல்' என்னும் சொல் ஆணையையும், அவ்வாணையின்படி செய்யும் பணியையும் ஒருங்கே உணர்த்தும். ஆதலின், சர்வோவை 'ஏவற்பொறி' எனல் மிகப் பொருந்தும்.

அக்காலத்து ஏவற்பொறி கப்பலின் அறை ஒன்றை நிறைத்து நின்றது. இக்காலத்துச் சிறு சர்வோவோ உள்ளங்கையில் அடங்கும். அவற்றுள் சிலவற்றின் எடை 9 கிராம் அளவினதே. திருப்புளி கொண்டு அதன் கூட்டைத் திறந்து பார்ப்பின் நான்கு உறுப்புகள் காணப்படும். முதலாவது, விரைந்து சுழலும் சிறு மின்மோட்டார். இரண்டாவது, அவ்விரைவைக் குறைத்து வலிமையைக் கூட்டும் பற்சக்கர வரிசை. மூன்றாவது, வெளியச்சோடு சேர்ந்து திரும்பும் 'பொட்டென்ஷியோமீட்டர்' என்னும் மாறுமின்தடை. நான்காவது, இவற்றை ஆளும் சிறிய மின்சுற்றுப் பலகை. மோட்டாரைக் கால் என்றும், பற்சக்கரங்களைத் தோள் என்றும், மாறுமின்தடையைக் கண் என்றும், மின்சுற்றை அறிவு என்றும் கொள்ளலாம்.

இப்பொறிக்கு ஆணை வரும் முறையும் எளியதே. அதனின்று மூன்று கம்பிகள் வெளிவரும். இரண்டு மின்சாரத்திற்கு உரியவை. ஒன்று ஆணைக்கு உரியது. ஆணைக் கம்பியின் வழியே ஒரு விநாடிக்கு 50 முறை, அஃதாவது 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை, ஒரு மின்துடிப்பு வரும். அத்துடிப்பு நீடிக்கும் காலமே ஆணையின் பொருள். பெரும்பாலான சர்வோக்களில் 1.5 மில்லி விநாடித் துடிப்பு 'நடுவில் நில்' என்பதைக் குறிக்கும். 1 மில்லி விநாடியை நோக்கிக் குறையுமாயின் ஒரு புறமும், 2 மில்லி விநாடியை நோக்கிக் கூடுமாயின் மறுபுறமும் அச்சுத் திரும்பும். மின்சுற்று இவ்வாணையையும், மாறுமின்தடை காட்டும் நிலையையும் ஒப்பிடுகின்றது. இரண்டிற்கும் வேறுபாடு உள்ளவரை மோட்டாரை அவ்வேறுபாடு குறையும் திசையில் ஓட்டுகின்றது. வேறுபாடு அற்றவுடன் ஓட்டத்தை நிறுத்துகின்றது. எவரேனும் அச்சை விரலால் நெருக்கித் திருப்ப முயன்றால், மீண்டும் வேறுபாடு தோன்றும். உடனே மோட்டார் எதிர்த்து நிற்கும். இரண்டாம் பணியாளன் காற்றுக்கு எதிரே கதவைப் பிடித்து நின்றதை இஃது ஒக்கும்.

இத்துணை நல்ல பொறி, கடையில் வாங்கிய வண்ணமே எல்லாப் பணிக்கும் உதவுமோ எனின், உதவாது. ரோபோ செய்யப் புகும் இளைஞர் பலர் இவ்விடத்திலேயே முதல் ஏமாற்றத்தை அடைகின்றனர். மேசைமேல் தனியே வைத்துச் சோதித்தபோது செவ்வனே திரும்பிய சர்வோ, கையில் பொருத்தியபின் நடுங்குகின்றது, முனகுகின்றது, சூடேறுகின்றது, சிலபோது பல் முறிந்து நின்றுவிடுகின்றது. 'பொறி கெட்டது' என்று அதனை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவோர் உளர். புதியதும் சின்னாளில் அவ்வாறே ஆகும். நோய் எங்கேயுள்ளது என்று அறியாமல் மருந்தை மாற்றுவதால் வரும் பயன் யாது? சர்வோவை அதன் பணிக்கேற்பச் செப்பம் செய்தல் என்பது, முதலில் அதன் நோய்களை இனம் பிரித்து அறிதலே ஆகும்.

முதல் நோய் பசி. நின்ற நிலையில் எடையைத் தாங்கிப் போராடும் சர்வோ, எளிதாகச் சுழலும்போது உண்பதைக் காட்டிலும் பன்மடங்கு மின்னோட்டத்தை உண்ணும். நடுத்தர அளவுள்ள சர்வோ ஒன்று அச்சு அசையாது தடைப்பட்டால் 1 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். கணினியின் பழைய யூ.எஸ்.பி. வாயோ முறைப்படி 0.5 ஆம்பியரே தரவல்லது. ஐந்து விரல்களுக்குரிய ஐந்து சர்வோக்கள் ஒரே நேரத்தில் ஒரு பொருளைப் பற்றினால் என்ன ஆகும்? மின்னழுத்தம் தாழும், ஆணையிடும் பலகையே மயங்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், கை திகைத்து நிற்கும். சர்வோக்களுக்குத் தனி மின்வழங்கி வைத்தல், தடித்த கம்பிகளை இடுதல், திடீர்ப் பசியைத் தணிக்க அருகில் ஒரு மின்தேக்கியைப் பொருத்துதல் ஆகியன இதற்கு மருந்தாகும். தனி மின்வழங்கி வைப்பினும், அதன் எதிர்மின் கம்பியையும் ஆணைப் பலகையின் எதிர்மின் கம்பியையும் ஒன்றாக இணைத்தல் வேண்டும். இணையாவிடின், ஆணையை அளந்தறியப் பொதுவான அடிநிலை இல்லாமற் போகும்.

இரண்டாம் நோய் அளவுக்கு மிஞ்சிய சுமை. சிறு சர்வோ ஒன்றன் முறுக்கு விசை '1.8 கிலோகிராம்-சென்டிமீட்டர்' எனக் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்க. 1.8 கிலோகிராமைத் தூக்கவல்லது என்று இதனைப் பிழைபட உணர்வோர் பலர். அச்சினின்று 1 சென்டிமீட்டர் தொலைவில்தான் அது 1.8 கிலோகிராமைத் தாங்கும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கையின் நுனியில் அது தாங்குவது 180 கிராமே. அதுவும் முழு வலிமையும் செலவிட்டு அசையாது நிற்கும் நிலையில்தான். 200 மில்லிலிட்டர் தண்ணீர் 200 கிராம் எடையுடையது. அச்சிறு சர்வோவால் ஒரு குவளைத் தண்ணீரையும் தூக்க இயலாது என்பது இதனால் விளங்கும். கையின் நீளத்தைக் குறைத்தல், சுருள்வில்லோ எதிரெடையோ வைத்துச் சுமையைப் பகிர்தல், வேண்டிய வலிமையினும் இருமடங்கோ மும்மடங்கோ வலிமையுள்ள சர்வோவைத் தேர்தல் ஆகியன அறிவுடையார் கொள்ளும் வழிகள்.

பற்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நைலான் பற்சக்கரங்களைக் களைந்து உலோகப் பற்சக்கரங்களை இடுதல் பலரும் செய்யும் மாற்றம். உலோகப் பல் வலிய அடியைத் தாங்கும் என்பது உண்மையே. எனினும், கை எதிர்பாராது எதிலேனும் மோதும்போது, நைலான் பல் தான் முறிந்து ஏனைய உறுப்புகளைக் காப்பதும் உண்டு. ஆகவே, எவ்விடத்தில் முறிவு நேர்ந்தால் இழப்புக் குறைவு என்று எண்ணிப் பார்த்த பின்னரே பல்லை மாற்றுதல் வேண்டும். மேலும், ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய சர்வோக்களும் ஒன்றைப்போல் ஒன்று இரா. ஒன்று முழு 180 பாகையும் திரும்பும். மற்றொன்று சிறிது முன்னரே முட்டி நிற்கும். முட்டிய பின்னரும் 'மேலே போ' என்று ஆணை வருமாயின், அது முனகி முனகிச் சூடேறி எரிந்துபோகும். ஒவ்வொன்றன் எல்லையையும் தனித்தனியே அளந்து குறித்துக்கொண்டு, அவ்வெல்லைக்கு உட்பட்டே ஆணையிடுதல் பொறியின் ஆயுளைப் பெருக்கும்.

இதுகாறும் கூறியவை உடலைப் பற்றிய நோய்கள். இவற்றினும் நுண்ணிய நோய் ஒன்று உண்டு. அது கண்ணைப் பற்றியது. சர்வோவின் கண்ணாகிய மாறுமின்தடை அதன் கூட்டிற்குள்ளேயே இருக்கின்றது. தன் வெளியச்சு எங்கே நிற்கின்றது என்பதை மட்டுமே அஃது அறியும். அவ்வச்சிற்கு அப்பால் மற்றொரு பற்சக்கரமோ, இழுக்கும் நூலோ இருந்து, அதன் வழியே தோளோ விரலோ அசையுமாயின், அங்கே நிகழ்வது ஒன்றும் அதற்குத் தெரியாது. பற்களுக்கிடையே சிறிது இடைவெளி இருக்கலாம், நூல் நெகிழ்ந்திருக்கலாம். சர்வோ தன் ஏவலை முடித்துவிட்டதாகக் கருதி ஓய்ந்திருக்கும். கையோ வேறிடத்தில் நிற்கும். தோளில் 1 பாகை பிழை நேர்ந்தால், 60 சென்டிமீட்டர் அப்பால் உள்ள விரல்நுனி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் விலகிப்போகும். குவளையைப் பற்றவேண்டிய விரல் அதனைத் தட்டிவிடுவதற்கு அவ்வளவே போதும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்னும் பழமொழி, சர்வோவிற்கும் பொருந்துகின்றது.

இக்கண்ணைச் செப்பனிடுவதில் பல வழிகள் உண்டு. சக்கரம் ஓட்டவேண்டிய சர்வோவிற்குக் கண்ணைக் கட்டிவிடுவது ஒரு வழி. மாறுமின்தடையை நீக்கி, அதன் இடத்தில் ஒத்த அளவுள்ள இரு மின்தடைகளை வைத்துப் பற்றவைப்பர். பற்சக்கரத்தில் உள்ள தடைமுனையையும் வெட்டிவிடுவர். அதன்பின் தான் எப்பொழுதும் நடுவிலேயே நிற்பதாக அப்பொறி கருதிக்கொள்ளும். 'வலப்புறம் திரும்பு' என்று ஆணை வந்தால், எவ்வளவு சுழன்றும் நடுவைவிட்டு நகராததாகவே எண்ணி ஓயாது சுழலும். சிறு வண்டிகளுக்கு இது நன்று. ஆனால் அது தன் இருப்பிடத்தை அறியும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. கைக்கு இம்முறை உதவாது.

தேய்ந்த கண்ணுக்குப் புதுக்கண் வைப்பது மற்றொரு வழி. மாறுமின்தடையில் ஓர் உலோக நா தடைப்பட்டையின்மேல் உராய்ந்தவாறே நகரும். நாள்தோறும் உராய்வதால் பட்டை தேயும், தேய்ந்த இடத்தில் காட்டும் அளவு தடுமாறும், சர்வோ நடுங்கும். அதற்குப் பதிலாக, அச்சின் நுனியில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, அதன் எதிரே காந்தப்புலத்தின் திசையை உணரும் நுண்சில்லு ஒன்றை வைப்பர். இரண்டும் ஒன்றையொன்று தொடாதலின் தேய்வு இல்லை. இத்தகைய சில்லுகளுட் சில, ஒரு முழுச் சுற்றை 4096 கூறுகளாகப் பகுத்துக் காட்டும்.

மூன்றாவது வழியே யாவற்றினும் சிந்திக்கத்தக்கது. கண்ணை மாற்றாமல், அதன் இடத்தை மட்டும் மாற்றுவதே அவ்வழி. இதனைப் பெருமுயற்சியில் கையாண்டு காட்டியவர், பாரிசு நகரில் வாழும் சிற்பி கயேல் லான்ஜெவின் என்பார். கல்லூரிகளோ பெருந்தொழிற்சாலைகளோ செய்யும் மனிதவடிவ ரோபோவை, வீட்டில் இருப்போரும் தாமே செய்துகொள்ளுமாறு அமைக்க இவர் விரும்பினார். செயற்கைக் கை ஒன்றன் வடிவமாகத் தோன்றிய இவர் முயற்சி, 2012 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் 'இன்மூவ்' என்னும் ஆளுயர ரோபோவாக வளரலாயிற்று. அதன் உறுப்புகள் யாவும் முப்பரிமாண அச்சுப்பொறியால் வார்க்கப்படுவன. பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் அளவே அச்சிடவல்ல சிறு பொறியிலும் அவை அடங்குமாறு, ஒவ்வோர் உறுப்பையும் துண்டு துண்டாக அமைத்தார். அவ்வமைப்புகளை யாவரும் எடுத்துக்கொள்ளலாம் எனப் பொதுவில் வைத்தார்.

இன்மூவின் விரல்கள் மனித விரல்களைப் போன்றே நரம்புகளால் இழுக்கப்படுவன. முன்கையினுள் விரலுக்கு ஒன்றாகச் சர்வோக்கள் உள்ளன. மீன்பிடிக்கப் பயன்படும் பின்னிய நூல்களே நரம்புகள். விரலின் சுமை சிறிது. ஆகவே அங்கே சர்வோக்கள் தம் இயல்பான வடிவிலேயே பணிபுரிகின்றன. முழங்கையும் தோளும் அத்தகையன அல்ல. கை முழுவதையும் தூக்குதற்குச் சர்வோவின் வலிமை நேரே போதாது. எனவே, திருகாணி போன்ற மரைகளையுடைய உருளை ஒன்றைச் சர்வோ சுழற்ற, அவ்வுருளை மூட்டைச் சிறிது சிறிதாக நகர்த்துமாறு அமைத்தார். வலிமை பெருகியது. திருகமைப்பாதலின், மின்சாரம் நின்றாலும் கை தன் எடையால் பொத்தென விழாமல் நிற்கும் என்பது மற்றொரு நன்மை.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. திருகு பல சுற்றுச் சுற்றினாலன்றி மூட்டுச் சிறிதும் நகராது. சர்வோவோ அரைச் சுற்றளவே திரும்பி நிற்பது. சிற்பி என் செய்தார்? சர்வோவின் கூட்டைத் திறந்தார், தடைமுனையை நீக்கினார், உள்ளே இருந்த மாறுமின்தடையைப் பெயர்த்தெடுத்தார். அதன் மூன்று கம்பிகளையும் நீட்டி, அதனைத் தோள் திரும்பும் இடத்திலும் முழங்கை மடங்கும் இடத்திலுமே கொண்டுபோய்ப் பொருத்துமாறு வகுத்தார். மோட்டார் அதே மோட்டார்; மின்சுற்றும் அதே மின்சுற்று; ஆணை வரும் முறையும் மாறவில்லை. கண் மட்டும் கூட்டைவிட்டு வெளியேறி, வேலை நிகழும் மூட்டிற்குக் குடிபெயர்ந்தது. இப்பொழுது 'தோளை 30 பாகை உயர்த்து' என்று ஆணை வந்தால், தன் அச்சு எத்தனை முறை சுற்றிற்று என்று சர்வோ கணக்குப் பார்ப்பதில்லை. தோள் 30 பாகையை அடைந்ததா என்று தோளினிடத்தே பார்க்கின்றது, அடையும்வரை சுழல்கின்றது. இடையே பல்லில் தளர்வு இருப்பினும், திருகில் தேய்வு இருப்பினும், அக்குறைகளும் அதன் கண்ணுக்குத் தப்பா.

இம்மாற்றத்தில் நன்மையோடு பொறுப்பும் கூடிவருகின்றது. தடைமுனையை வெட்டிய சர்வோவிற்கு இயற்கையான எல்லை இல்லை. மூட்டில் பொருத்திய கண்ணின் கம்பி ஒன்று அறுந்துபோயின், அது நிறுத்தும் இடம் அறியாது சுழன்றுகொண்டே இருக்கும். மூட்டை முறித்த பின்னரே ஓயும். இதனினும் கொடியது, கம்பிகளை இடம் வலம் மாற்றிப் பற்றவைத்தல். அவ்வாறாயின், கண் உண்மைக்கு மாறாகச் சொல்லத் தொடங்கும். கை மேலே சென்றால், 'கீழே செல்கின்றது' என்று உரைக்கும். பிழையைக் குறைப்பதாக எண்ணிக்கொண்டு சர்வோ ஒவ்வொரு கணமும் பிழையைப் பெருக்கும். அருகில் ஒருவர் நின்றிருப்பின் அவர்க்கும் தீங்கு நேரலாம். இடித்துரைப்பாரை நீக்கிவிட்டு, எதிர்மாறாகப் புகழ்வாரை அருகில் வைத்துக்கொண்ட அரசனின் கதை இங்கே நினைவிற்கு வரும். ஆதலின், தேர்ந்த கைவினைஞர் கையை மூட்டோடு இணைக்குமுன் தனியே இயக்கிப் பார்ப்பர். மாறுமின்தடையைத் தம் விரலால் திருப்பி, மோட்டார் உரிய திசையில் ஓடி உரிய இடத்தில் நிற்கின்றதா எனச் சோதிப்பர். அதுவரை மின்சாரத்தை நிறுத்தும் பொத்தானிலிருந்து மற்றக் கையை எடார்.

பிழையைக் கண்டு திருத்துவதிலும் ஓர் அளவு வேண்டும். விரைந்து திருத்தும் சர்வோ, கனமான கையைத் தாங்கும்போது உரிய இடத்தைக் கடந்து சென்று, மீண்டு வந்து, மீண்டும் கடந்து, ஓயாது ஊசலாடும். கப்பலோட்டுவோர் இதனை முன்னரே அறிவர். உருசிய நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்னும் அறிஞர், சுக்கான் பிடிக்கும் மாலுமிகளின் செயலைக் கூர்ந்து நோக்கி, 1922 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். நல்ல மாலுமி, கப்பல் இப்பொழுது எவ்வளவு விலகியுள்ளது என்பதோடு அமைவதில்லை. எவ்வளவு காலமாக விலகி வருகின்றது, எவ்வளவு விரைவாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றது என்பனவற்றையும் உள்ளத்திற் கொண்டே சுக்கானைத் திருப்புகின்றான் என்பதை அவர் கணக்கியல் முறையில் விளக்கினார். இக்காலத்து ரோபோக்களின் மூட்டுகளை ஆளும் முறைகளுட் பல, அம்மாலுமிகளின் கைத்திறத்தையே அடிப்படையாகக் கொண்டவை. இன்னும், ஆணைக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிதாயின் அதனைப் பொருட்படுத்தாது அமைந்திருக்கவும் சர்வோவிற்குக் கற்பிப்பர். மயிரிழைப் பிழைக்கெல்லாம் துடிப்பவன் எவ்வேலையையும் முடிப்பதில்லை.

இவ்வளவு நுணுக்கமும் எதற்காக என்று வினவுவோர்க்கு விடையாக ஒருவர் இருக்கின்றார். பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த நிக்கோலா ஹுஷே என்பார், 2002 ஆம் ஆண்டில் வேலையின்போது நேர்ந்த விபத்தில் தம் வலக்கையை இழந்தார். மின்னாற்றலால் இயங்கும் செயற்கைக் கைகள் மிக்க விலையுடையனவாதலின், எளியோர்க்கு எட்டாதன. பத்தாண்டு கழிந்தபின், ரென் நகரிலுள்ள பொதுப் பணிக்கூடம் ஒன்றில், அங்குள்ளோர் துணையோடு தமக்குரிய கையைத் தாமே செய்யத் துணிந்தார். சிற்பி பொதுவில் வைத்த இன்மூவின் கையமைப்பே அதற்கு அடிப்படையாயிற்று. முன்கைத் தசை சுருங்கும்போது தோலின்மேல் தோன்றும் நுண்ணிய மின்குறியை உணர்ந்து, மோட்டார்கள் நூலை இழுக்க, விரல்கள் மடங்கின.

மேசைமேல் நிற்கும் ரோபோ ஒரு முறை குவளையை நழுவவிட்டால் நகைத்துவிட்டுப் போகலாம். ஒருவர் தம் உடலோடு அணிந்த கை நழுவவிட்டால் நகைக்க இயலுமோ? நண்பரின் கையைக் குலுக்கும்போது அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பொறுக்க இயலுமோ? நம்பகம் என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் அங்கேதான் விளங்கும். ஒரு முறை நன்றாகச் செய்வது திறமை. ஆயிரம் முறையும் அவ்வாறே செய்வது நம்பகம். திறமையைக் கடையில் வாங்கலாம். நம்பகமோ, பசியறிந்து மின்சாரம் ஊட்டி, சுமையறிந்து வலிமை தேர்ந்து, எல்லையறிந்து ஆணையிட்டு, இடமறிந்து கண்ணைப் பொருத்திய கைவினைஞனின் பொறுமையால் விளைவது. விலைமிக்க சர்வோ ஒன்று கண்ணைத் தவறான இடத்தில் வைத்துக்கொண்டு பிழைபட நடக்கலாம். விலைகுறைந்த சர்வோ ஒன்று மூட்டினிடத்தே கண் பெற்றுச் செவ்வனே நடக்கலாம்.

மக்கள் வாழ்விலும் இவ்வேறுபாடு காணப்படுகின்றது. பாடத்தைப் பலமுறை படித்தேன் என்று மனநிறைவு கொள்ளும் மாணவன், தன் அச்சின் சுற்றுகளை எண்ணும் சர்வோவை ஒப்பான். படித்ததைத் தாளில் எழுதிப் பார்த்து, பிறர்க்கு விளக்கிப் பார்த்து, எங்கே தடுமாறுகின்றது என்று கண்டறிபவன், மூட்டினிடத்தே கண் வைத்தவனை ஒப்பான். மழைநீர் வடியக் கால்வாய் வெட்டுமாறு ஆணையிட்ட அலுவலர், 'வெட்டப்பட்டது' என்று எழுதிவந்த தாளைக் கண்டு அமைந்திருப்பின் முதல் பணியாளனைப் போன்றவர். மழை பெய்த மறுநாள் தெருவிற்கே சென்று, நீர் வடிந்ததா என்று பார்ப்பவர் இரண்டாம் பணியாளனைப் போன்றவர்.

அடிமை என்று பெயரிட்டு மனிதன் படைத்த சிறு பொறி, இங்ஙனம் தன் தலைவனுக்கே ஒரு பாடம் கற்பிக்கின்றது. பிழை செய்யாத பொறி உலகில் இல்லை, மனிதரும் இல்லை. பிழையை உரிய இடத்தில் கண்டு, உரிய அளவில் திருத்தி, திருத்திய இடத்தில் உறுதியாக நிற்பதே நம்பிக்கைக்கு உரியது. கண் இருந்தால் மட்டும் போதாது. வினை நிகழும் இடத்தில் அது விழித்திருத்தல் வேண்டும்.